நான்கு நிமிடம் முந்தி வந்த ஓடுபாதை

ஓடுபாதை நான்கு நிமிடம் முந்தியே தெரிந்துவிட்டது.

கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த அந்தச் சிறிய விமானத்தின் வலது இருக்கையில் இருந்த ஜெனிற்றா முதலில் மகிழத்தான் செய்தாள். துணை விமானியாகச் சேர்ந்து ஏழு மாதம். பிறந்த ஊருக்கு ஓட்டி வருவது இதுவே முதல் தடவை. மாரி மழை சற்று விட்டிருந்த பொழுதுபடும் நேரம். மேகங்களுக்கு அடியில் வெளிச்சம் சாம்பல் நிறமாகத் தேங்கி நின்றது, கண்ணாடியின் ஓரத்தில் கடைசித் துளிகள் நடுங்கியபடி பின்னுக்கு ஓடின, சூடேறிய கம்பிகளின் மணமும் ஆறிப்போன கோப்பியின் மணமும் அந்தச் சின்ன அறைக்குள் கலந்திருந்தன, முன்னால், கீழே, கறுப்பின் மேல் இரண்டு வரிசை விளக்குகள் நேராக, மிக நேராக, அவர்களுக்காகத் திறந்து கிடந்தன.

பிறகுதான் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"சேர், பலாலி எயார்போட்டுக்கு இன்னும் பத்து மைல் காட்டுது."

இடது இருக்கையில் தலைமை விமானி சிவதர்ஷன் சிரித்தார். ஐம்பது வயது, அவளைப் போலவே இந்தப் பக்கத்தவர், உடுவில்காரர்.

"உந்தத் தூரம் காட்டுற பெட்டி சொல்லுறதை விட்டிட்டு வெளியாலை பாரும் பிள்ளை. எங்கடை ஊர் எனக்குத் தெரியாதே? கலியாணத்துக்கு முன்னம் ஒரு கண்ணாடி வாங்கும். மாப்பிள்ளையையாவது வடிவாப் பாக்கலாம்."

"மாப்பிள்ளை பத்து மைலுக்கு அங்காலை நிண்டால் கண்ணாடி போட்டும் தெரியாது, சேர்."

அவர் இன்னும் சிரித்தார். ஓடுபாதை தெரிகிறது, பார்த்தே இறங்குகிறேன் என்று விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அறிவித்தார். கோபுரம் அனுமதித்தது. சக்கரங்கள் கீழே இறங்கிப் பூட்டிக்கொள்ளும் அதிர்வு காலடியில் தெரிந்தது.

திரைச்சீலைக்குப் பின்னால் ஒன்பது பயணிகள். அவர்களில் வித்தியா என்ற இளம் தாயும் அவளுடைய மூன்று மாதக் குழந்தையும். கொழும்பில் இதய சத்திரசிகிச்சை முடிந்து, இனிப் பயமில்லை என்று வைத்தியர் சொல்லி அனுப்பிய குழந்தை. குழந்தை சிணுங்குவதும், தாய் 'ஓ ஓ' என்று ஆற்றுவதும் இயந்திர இரைச்சலுக்கு நடுவே விட்டுவிட்டுக் கேட்டன. அந்தப் பிள்ளையை வீட்டில் சேர்க்க வேண்டும். ஜெனிற்றா மனதுக்குள் ஒரு 'அருள்நிறைந்த மரியே' செபம் சொல்லிக்கொண்டாள்.

அறுநூறு அடி.

விளக்குகளுக்கு அப்பால் தெரு இல்லை. வீடுகள் இல்லை. ஒவ்வொரு விளக்குக்கும் கீழே இன்னொரு விளக்கு, தலைகீழாக, நெளிந்துகொண்டிருந்தது.

தண்ணீர்.

அவளுடைய தகப்பன் கிறகோரி குருநகரில் மீன்பிடிகாரர். கடல்நீரேரியில் இறால் வலைக் கம்புகளில் கட்டும் விளக்குகள் இப்படித்தான் வரிசையாக நிற்கும். ஆனால் ஏற்கெனவே ஒரு முறை சொல்லியாயிற்று. மூத்தவர்களை மறுத்துக் கதைக்காமல் வளர்ந்தவள் அவள். நானூறு அடி. மரியாதைக்காக ஒருவரைச் சாகவிடுவது என்ன மரியாதை?

"சேர், உது கடல்! இறால் வலை விளக்கு. மேலை எடுங்கோ!"

அவர் பார்த்தார். ஒரு நொடி. பிறகு இயந்திரங்கள் அலறின, விளக்குகள் விமானத்தின் மூக்கின் அடியில் மறைந்தன.

விமானம் மேலே நிலைப்பட்டதும் அவர் தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"குடியும். என்ரை பிழைதான். நீர் வாய் திறக்காட்டில் அந்தப் பச்சைப்பிள்ளையும் எங்களோடை போயிருக்கும். கோபுரத்துக்கு உள்ளதைச் சொல்லும்."

ஒரு வாய் குடித்தாள். மீன்பிடி விளக்குகளை ஓடுபாதை என்று எண்ணிவிட்டோம் என்று அறிவித்தாள்.

கோபுரத்தில் இருந்தவன் அவளுடைய ஊர்க்காரன் எமில்ராஜ். வழமையான ஆங்கிலத்தை விட்டு, தமிழில் கதைத்தான்.

"இண்டைக்கு ஆத்துமாக்கள் திருநாள் எல்லோ, அக்கா? ஒருத்தரும் கடல்தொழிலுக்குப் போகேல்லை. எங்கடை சனம் முழுக்கச் சேமக்காலையிலை நிக்கிது. கல்லறையளுக்கு மெழுகுதிரி கொளுத்துறதுக்கு."

உண்மைதான். இன்று எந்த வள்ளமும் இறங்குவதில்லை. இறந்தவர்களின் நாளில் கடலை அவர்களுக்கே விட்டுவிடுவது வழக்கம்.

முன்னால் மேகம் விலகியது.

இப்போது இரண்டு ஓடுபாதைகள். பலாலியில் இருப்பது ஒன்றுதான். பக்கத்துப் பக்கத்தில். ஒரே நீளம், ஒரே வெளிச்சம். தூரம் காட்டும் பெட்டி பூச்சியத்தில் நின்றது.

"லைற்றை ஒருக்கா அணைச்சுப் போடச் சொல்லும்" என்றார் சிவதர்ஷன். குரல் மெலிந்திருந்தது.

சொன்னாள். எமில்ராஜ் அணைத்தான்.

இரண்டும் அணைந்தன.

இருட்டு. குழந்தையின் சிணுங்கல் மட்டும்.

எமில்ராஜ் போட்டான்.

இரண்டும் எரிந்தன.

"வேண்டாம் சேர். திரும்பிப் போவம்."

"ஓம். கொழும்புக்கே போவம்."

அவர் விமானத்தின் மூக்கை உயர்த்தினார். விமானம் ஏறியது. ஆயிரம் அடி. இரண்டாயிரம். கோபுரத்தைக் கூப்பிட்டாள், காதில் வெறும் இரைச்சல். திரும்பக் கூப்பிட்டாள். உலகத்தில் தங்கள் விமானம் ஒன்றுதான் மிஞ்சியிருப்பது போல இருந்தது.

மூவாயிரம்.

விளக்குகள் சிறிதாகவில்லை.

கீழே பார்த்தாள். கீழே ஒன்றுமில்லை. அவை மேலே வந்திருந்தன. இறக்கைகளின் நுனிக்கு அப்பால், இரு பக்கமும், வரிசையாக. அவளுடைய கண்ணின் மட்டத்தில்.

ஒவ்வொரு விளக்கின் கீழும் ஒரு கை. நனைந்த கை. அதன் பின்னால் ஒரு முகம்.

அந்த முகங்களில் கோபம் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இருட்டில் பிந்தி வருகிறவர்களுக்கு வெளிச்சம் பிடித்து நிற்கிற சனம் அது. நல்ல சனம். கடலுக்குப் போய்த் திரும்பாமல், வெகுகாலம் தனியாக நின்ற சனம். யாரோ வருகிறார்கள் என்ற ஆறுதல் அந்த முகங்களில் இருந்தது. ஒரு கிழவர் தலையை அசைத்தார். ஓம், இதாலை வாங்கோ என்பது போல.

"சேர்."

சிவதர்ஷனின் கைகள் மடியில் கிடந்தன. அவர் பக்கக் கண்ணாடி வழியாக அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விமானத்தை ஒருவரும் ஓட்டவில்லை. அது இரண்டு வரிசைகளுக்கும் நடுவே, நேராக, மிக நேராகப் போய்க்கொண்டிருந்தது.

இயந்திரச் சத்தம் எப்போது நின்றது?

நாலாயிரம் அடி. விமானத்தின் அடியில், மெதுவாக, தண்ணீர் தட்டியது.

திரைச்சீலைக்கு அப்பால் வெளிக்கதவு திறந்தது. உப்புக் காற்று வந்தது. ஜெனிற்றா திரைச்சீலையை இழுத்தாள். வாசலில் விளக்குகள். அவற்றின் நடுவே, வள்ளத்திலிருந்து இறங்கும் தாய்க்குக் கைகொடுப்பது போல, இரண்டு ஈரக் கைகள் நீண்டிருந்தன. வித்தியா எழுந்து, புன்னகையோடு, குழந்தையை அந்தக் கைகளில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.