இருவருக்கு ஒரே பயணம்

ஒரு வீட்டிலிருந்து ஒருவர் போனால் போதும் என்று ஆகிவிட்ட பிறகு, யார் போவது என்பதில்தான் எல்லா வீடுகளிலும் சண்டை. நறுமுகையின் வீட்டில் அந்தச் சண்டை நடக்கவில்லை. "நீங்களே போயிட்டு வாங்க" என்று அவளாகவே சொல்லிவிட்டாள்.

அதைக் கேட்டபோது அவள் கணவர் தருணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்ற மனிதர். அவ்வளவு சீக்கிரம் சிரிக்க மாட்டார். அன்று சிரித்தார்.

"நெசமாவா அம்மிணி? ஆனை பாக்கோணும், ஆனை பாக்கோணும்னு கல்யாணமான நாள்ல இருந்து சொல்லிட்டிருக்கறது நீதானே?"

"என்ற முட்டிய வெச்சுக்கிட்டு ஜீப்புல ஏறி இறங்க முடியுமுங்களா? நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதானுங்க."

அது பாசத்தில் சொன்ன பேச்சு மட்டும் அல்ல. அந்தக் காலத்தில் அது உண்மையும்கூட. கோவையைச் சுற்றிய மலைகளில் யானை இல்லாமல் போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது. பெரிய விலங்குகள் ஆப்பிரிக்கக் காடுகள் சிலவற்றில்தான் மிச்சம். அவற்றைக் காப்பாற்ற, உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் கால்தட வரி போட்டார்கள். ஒரு குடும்பத்தில் இரண்டாவது ஆளும் வந்தால் வரி பல மடங்கு. கணவனும் மனைவியும் சேர்ந்து போவதென்றால் வீட்டை விற்க வேண்டியதுதான். அப்போதுதான் நினைவேற்றம் வந்தது. போகிறவரின் காதுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒரு பதிவியை ஒட்டிவிடுவார்கள். அவர் பார்த்ததையும் கேட்டதையும் முகர்ந்ததையும் அது சேர்த்துவைக்கும். திரும்பி வந்ததும் அந்த நினைவை வீட்டில் இருந்தவரின் மூளையில் ஏற்றிவிடலாம். படம் பார்ப்பதுபோல இருக்காது. போன மாதம் தானே போய்வந்ததுபோல ஞாபகம் வரும்.

பயணத்தைத் திட்டமிடும் வேலை முழுவதும் நறுமுகையுடையது. பம்பு செட் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருந்தவள். இரும்பு வியாபாரிகளிடம் விலை பேசிப் பழகிய நாக்கு. போட்ஸ்வானாவில் சோபே ஆற்றங்கரை என்று முடிவு செய்தாள். கடும் வறட்சியில் போனால் யானைகள் கூட்டம் கூட்டமாக ஆற்றுக்கு வரும். ஆனால் அப்போது விடுதி வாடகை கைக்கு எட்டாது. மழைக்காலத்தில் அறை மலிவு, யானைகளோ காட்டுக்குள் சிதறிப் போய்விடும். மழை ஓய்ந்து, காட்டுக் குட்டைகள் வற்றத் தொடங்கி, விடுதிக்காரன் இன்னும் விலையை ஏற்றாத ஓர் இடைப்பட்ட வாரம் இருந்தது. தேடித் தேடி அதைப் பிடித்தாள். விடுதியின் சார்பில் விலை பேசும் பேரப்பொறியோடு நாள்கணக்கில் வாதாடினாள். ஜீப்பைத் தனியாக எடுக்காமல் வேறொரு குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்தாள். வழிகாட்டிக்குக் கொடுக்க வேண்டிய அன்பளிப்பு, தடுப்பூசி, காப்பீடு, பூங்காவுக்குள் நுழைய ஒவ்வொரு நாளும் கட்டும் கட்டணம் எதுவும் விட்டுப்போகவில்லை.

சாயங்காலங்களில் தருண் எதிரே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பார். அவள் ஒவ்வொன்றாகச் சொல்வாள். அவர் "ம்" என்பார். "அதுவும் சரிதான்" என்பார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இருவரும் ஒரே விஷயத்தை இவ்வளவு நாள் பேசியதே இல்லை என்று அவளுக்குத் தோன்றும். பயணத்தைவிட இந்தச் சாயங்காலங்களே தனக்குப் போதும் என்றுகூட ஒருநாள் நினைத்தாள்.

பதிவியை ஒட்டிக்கொள்ள அவிநாசி சாலையில் இருந்த நினைவேற்றகத்துக்கு இருவரும் போனார்கள். அங்கே ஷெரின் என்ற பெண் எல்லாவற்றையும் விளக்கினாள்.

"வடிப்பு வேணுங்களா மேடம்? பதிவி காட்சிய மட்டும் எடுக்காது. அந்த நேரத்துல அவரு மனசுல என்ன ஓடுச்சோ அதுவும் கூடவே வந்துரும். வடிப்பு போட்டா அதையெல்லாம் நீக்கிட்டு காட்சிய மட்டும் குடுப்போம். தனிக் கட்டணம். பொதுவா தம்பதிங்க போட்டுக்குவாங்க."

கட்டணத்தைக் கேட்டதும் நறுமுகைக்குச் சிரிப்பு வந்தது. "முப்பது வருஷமா ஒரே தட்டுல சாப்பிடாத குறைதானுங்க. எங்களுக்குள்ள மறைக்கறதுக்கு என்ன இருக்குது?" என்று சொல்லிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரில் ஓடிய காண்டாமிருகத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு எது சரின்னு படுதோ செய்யி" என்றார்.

மிச்சமான பணத்தில் அவருக்கு ஆற்றில் இன்னொரு சாயங்காலப் படகுச் சவாரியைச் சேர்த்தாள்.

தருண் போனார், வந்தார். முகம் கறுத்து, ஆள் இளைத்து, பத்து வயது குறைந்தவர்போல இருந்தார். "என்னன்னு சொல்றது! ஏத்திக்கிட்டுப் பாரு, உனக்கே தெரியும்" என்றார். அந்த வாரமே அவளை நினைவேற்றகத்துக்குக் கூட்டிப்போனார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியதுதான் தெரியும். எழுந்தபோது நெற்றியில் களிம்பின் குளிர்ச்சி மட்டும் இருந்தது. "ரெண்டு மூணு நாள் ஆகுமுங்க. கொஞ்சங்கொஞ்சமா ஞாபகம் வரும்" என்றாள் ஷெரின்.

வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது முதல் ஞாபகம் வந்தது. கலங்கிய தண்ணீர். அகன்ற ஆறு. எதிர்க்கரையின் செம்மண் சரிவில் யானைகள் இறங்குகின்றன. காதுகள் முறம் முறமாக அசைகின்றன. நடுவே ஒரு குட்டி தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கி, துதிக்கையின் நுனியை மட்டும் மேலே நீட்டி மூச்சு விட்டுக்கொண்டே தாயின் பின்னால் நீந்துகிறது. கூடவே ஒரு சந்தோஷம். உடம்பிலிருந்து எதையோ கழற்றிக் கீழே வைத்துவிட்டதுபோல அப்படி ஒரு லேசு. அவள் தன் வாழ்நாளில் அறியாத லேசு.

கைகளில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கூடத்துக்கு ஓடிவந்தாள்.

"குட்டி நீந்துதுங்க! பாத்துட்டேனுங்க!"

"பாத்தியா!" என்று அவரும் எழுந்துவிட்டார். இருவரும் சிறுபிள்ளைகள்போலச் சிரித்தார்கள்.

மறுநாள் அவள் அந்தச் சந்தோஷத்தின் பின்னாலேயே போனாள். எங்கே தொடங்கியது அது? யானைகளைக் கண்டதும் வந்தது என்றுதான் நினைத்திருந்தாள். யோசித்தால், விடுதிக்குப் போகும் வழியில் ஜீப்பில் இருந்தபோதும் அது இருக்கிறது. விமானத்திலும் இருக்கிறது. இன்னும் பின்னால் போனாள். கோவை விமான நிலையம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மஞ்சள் சேலையில் குள்ளமாக ஒரு பெண் நின்று கையை ஆட்டுகிறாள். வாயசைவில் ஏதோ சொல்கிறாள், மாத்திரையைப் பற்றியாக இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சுக்குள் "போதும், போதும்" என்று ஒரு சலிப்பு. பிறகு முகத்தைத் திருப்பி உள்ளே நடக்கிறார். பத்து அடி போவதற்குள் அந்த லேசு வந்துவிடுகிறது.

அந்தப் பெண் தான்தான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிறகு வேண்டாம் என்றாலும் ஒவ்வொன்றாக வந்தது. சேர்த்து வாங்கிய அந்தப் படகுச் சாயங்காலம். வழிகாட்டி கபெலோ ஆங்கிலத்தில் கேட்கிறான், மனைவி வரவில்லையா என்று. "வரலை. வந்திருந்தா ஒரு ஆனை எவ்வளவுன்னு உங்ககிட்ட விலை கேட்டிருப்பா." கபெலோ சிரிக்கிறான், அவரும் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு நறுமுகையின் வயிற்றிலும் குலுங்கிய ஞாபகமாகவே இருந்தது. தன்னைப் பற்றிய கேலிக்குத் தானே சிரித்த ஞாபகம். வேர்க்கடலை உரித்த சாயங்காலங்கள்கூட அந்தப் படகில் அவர் மனதில் வந்துபோயிருந்தன. எப்படியோ அதையெல்லாம் பொறுத்துக் கடந்துவிட்டோம் என்ற அலுப்போடு.

எல்லாவற்றையும்விட, அவர் அங்கே இருந்தபோது அவள் போட்ட அந்த ஃபோன். அதை அவள் பக்கத்திலிருந்து அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நீ இல்லாம எதையுமே ரசிக்க முடியல அம்மிணி" என்றார். அவள் மடித்த துண்டிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது அதே பேச்சின் மறுமுனையும் அவளிடம் வந்து சேர்ந்துவிட்டது. ஆற்றுக்குள் சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடிக்கிறது. இப்பவா என்று எரிச்சல். சீக்கிரம் வைப்பதற்கு எது சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு கணம் தேடி, அந்த வாக்கியத்தைப் பொறுக்கி எடுக்கிறார். அவள் அழுவது காதில் விழுகிறது. சூரியனின் விளிம்பு மறைந்துவிட்டதே என்று வருத்தப்படுகிறார்.

சாப்பாட்டு மேசையில் அவரிடம் கேட்டாள். குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.

தருண் விழித்தார். "நானா? அப்படியெல்லாம் நான் நினைக்கவே இல்லையே!"

"கபெலோகிட்ட என்ன சொன்னீங்க?"

"அது... சும்மா ஒரு தமாசு."

"ஏர்போர்ட்டுல என்னயத் திரும்பிப் பாத்தப்ப?"

அவர் நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் யோசித்தார். பொய் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு இப்போது உள்ளேயிருந்தே தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

"மனுசன் மனசுல ஆயிரம் வந்து போகும் அம்மிணி. அதையெல்லாமா புடிச்சு வெச்சுக்குவாங்க? நான் திரும்பி வந்துட்டேன்ல? உன்ற முன்னாடிதானே உக்காந்திருக்கேன்?"

"உங்களுக்கு வந்து போயிடுச்சுங்க" என்றாள் நறுமுகை. "எனக்கு வந்துருச்சு. போக மாட்டேங்குது."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்தது. அவர் அன்பாக ஏதாவது சொன்னால், அதைத் தேடி எடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அவள் மனம் கணக்குப் போட்டது. அவரும் அவள் எதிரே எதையாவது நினைக்கவே பயந்தவர்போல நடமாடினார். கடைசியில் அவரே சொன்னார், போய் எடுத்துவிடலாம் என்று.

ஷெரின் இருவரையும் உட்காரவைத்துத் தயங்கித் தயங்கிப் பேசினாள். இந்த மாதிரி வருகிறவர்கள் அவளுக்குப் புதிதல்ல என்று தெரிந்தது. "நம்ம சொந்த ஞாபகம் நாளாக நாளாக மங்கிரும் மேடம். சார் அன்னிக்கு நினைச்சது மேல அடுத்தடுத்த நாள் நினைப்பு ஏறி, அது காணாமப் போயிடுச்சு. அவர்கிட்ட அது இனிமே இல்லை. ஏத்தின ஞாபகம் அப்படி இல்லீங்க. ஏத்தினபடியே நிக்கும். உலகத்துல அது இப்ப உங்ககிட்ட மட்டும்தான் இருக்குது."

"எடுத்துருங்க" என்றார் தருண்.

"எடுக்கலாம் சார். ஆனா அத மட்டும் தனியா உருவ முடியாது. ஆறு, யானை எல்லாமே போயிரும்."

"பரவால்லீங்க, எடுத்துருங்க."

"வேண்டாமுங்க" என்றாள் நறுமுகை.

வெளியே வந்ததும் அவர் கெஞ்சினார். "எதுக்கு அம்மிணி? அத வெச்சுக்கிட்டு தெனமும் நோகோணுமா?"

"ஆனைங்களுக்காகத்தானுங்க" என்றாள்.

அதில் பாதிதான் உண்மை. மீதியை அவளால் சொல்ல முடியவில்லை. அப்பாவின் வீட்டிலிருந்து நேராக அவர் வீட்டுக்கு வந்தவள் அவள். தனியாக எந்த ஊருக்கும் போய் ஒரு நாள் தங்கியதில்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத அந்த லேசை அவள் அறிந்தது அவருடைய ஞாபகத்தில்தான். அவளிடமிருந்து விலகியதால் அவருக்கு வந்தது அது. ஆனாலும் வந்த இடத்தை மறந்துவிட்டு, இப்போதெல்லாம் அவர் குளிக்கப் போகும்போது அது அவளுக்கு வருகிறது. கடைக்குப் போய்ப் படியிறங்கும் சத்தம் கேட்டதும் வருகிறது. அது அவர் விட்டுச்சென்ற மிச்சமா, தனக்குள் எப்போதும் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. திருப்பிக் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். நல்ல வெயில். தருண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன நினைச்சுட்டிருக்கற?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். நல்ல மனிதர். களைத்திருந்தார். அவளுக்குள் யானைகள் ஒவ்வொன்றாக ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தன.

"பஸ்சு வருது பாருங்க" என்றாள்.

அவர் பேருந்தைப் பார்க்கவில்லை. அவள் மனதில் இருப்பதை அறிய வேறு எந்த வழியும் இல்லாததால், அவள் வாயைத் திறந்து சொல்வாள் என்று காத்துக்கொண்டு நின்றார்.