ஓர் உயிர் தருக

இதனால் ஆவடி, அம்பத்தூர், மேனாம்பேடு, கரையான்சாவடி மற்றும் இவற்றுக்கு இடைப்பட்ட காலி மனைகளில் வசிக்கும் தமிழ்ப் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: குடியிருப்பு முத்தமிழ் மன்றத் தலைவர், சொற்குன்று கலியமூர்த்தி அவர்கள், 'ஒன்பதில் ஒரு சொல்' என்னும் தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்டு, வென்று, தமிழன்னையின் மானத்தைக் காக்க இசைந்துள்ளார்.

அறிவிப்பை எழுதியவர் கலியமூர்த்தி. ஆவடிப் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பின் ரேஷன் கடைச் சுவரில் அதை ஒட்டியவரும் அவரே. 'சொற்குன்று' பட்டத்தை அவருக்கு வழங்கிய ஐவர் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். போட்டி நடப்பதற்கு முன்பே 'வென்று' என்று எழுதியதை மன்றச் செயலாளர் மணவாளன் மட்டும் மெதுவாகச் சுட்டிக் காட்டினார். "தோத்துட்டு வந்தா தலைவர் நாற்காலி காலின்னு அர்த்தமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எல்லோர் முன்னிலையிலும், "ஆம்" என்று கலியமூர்த்தி சொல்லிவிட்டார். குன்று பின்வாங்குவதில்லை.

வீட்டில் மட்டும் அந்தக் குன்றுக்கு ஒரு பள்ளம் இருந்தது. மூத்த மகன் நாகேந்திரன். தமிழ் இலக்கியம் படிக்கச் சொன்னால், அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டப் போய்விட்டான். மகன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால், "இயந்திரவியல் துறை" என்று கலியமூர்த்தி சொல்லிவிட்டு வானத்தைப் பார்ப்பார். 'அப்பா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை, பிரஸ் ஷாப் பழக்கத்தில் 'நைனா' என்று கூப்பிட ஆரம்பித்ததிலிருந்து அவர்களுக்குள் பேச்சும் குறைந்துபோனது.

படப்பிடிப்பு நடந்த இடமும் அதே எஸ்டேட்தான். நாகேந்திரன் வேலை பார்க்கும் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி, மூடிப்போன ஒரு பிரஸ் ஷாப்பின் பழைய ஷெட். உள்ளே கறுப்புத் துணி கட்டி, ஊதா நிறத்தில் ஒரு மேடை போட்டு, அதற்கு ஸ்டூடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். கலியமூர்த்தி சரிகை வேட்டியும் பட்டுத் துண்டுமாக உள்ளே நுழைந்தபோது வெளியே உச்சி வெயில். கதவு மூடியதும் கண்ணுக்கு முன்னால் வைத்த கை தெரியவில்லை.

முதலில் வந்தது வாசனை. இரும்புத் தூளும் காய்ந்த மெஷின் ஆயிலும் கலந்த வாசனை. ஷெட் மூடி நான்கு வருடம் ஆகிறது என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தான். வாசனையோ இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் கிளம்பிப் போனதுபோல் இருந்தது.

முகத்துக்குப் பவுடர் போட வந்தவள் புஷ்பா. அவருடைய நெற்றி வியர்வையைத் துடைத்தபடியே குரலைத் தாழ்த்தினாள்.

"சார், ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. எழுத்து கேக்கசொல்ல உயிரெழுத்துன்னு முழுசாக் கேளுங்க. மொட்டையா உயிர் குடுன்னு கேக்காதீங்க."

கலியமூர்த்திக்குச் சுருக்கென்றது. ஒரு பவுடர்க்காரியா தமக்கு இலக்கணம் சொல்வது? உயிர் என்றாலே உயிரெழுத்து, மெய் என்றாலே மெய்யெழுத்து, அது காலங்காலமாக வந்த வழக்கு என்று விளக்கினார். புஷ்பா பொறுமையாகக் கேட்டாள்.

"அது உங்களுக்குத் தெரியும் சார். அவருக்குத் தெரியாதே."

"எவருக்கு?"

அவள் மேடைப் பக்கம் பார்க்காமல் தலையை மட்டும் அசைத்தாள். உத்தமன் என்று ஓர் ஆள் அந்த ஷெட்டில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தாராம். ஒருநாள் மூன்று விரல் போனது. சில நாளில் ஜன்னி கண்டு ஆளும் போனார். போட்டி ஆரம்பித்த புதிதில் ஒருவர் வந்து 'உயிர் குடுங்க, உயிர் குடுங்க' என்று விளையாடி ஜெயித்தாராம். கேட்ட எழுத்தெல்லாம் கேட்டபடி வந்ததாம்.

"பரிசை எடுத்துக்கினு ஊட்டுக்குப் போனாரு. வாசல்ல கூட்டம். அவரு சம்சாரம்..." புஷ்பா அத்தோடு நிறுத்திவிட்டு அவர் மூக்கில் பவுடரை ஒற்றினாள். "கேட்டா எடுத்துக் குடுப்பாரு சார். எங்கேர்ந்து எடுப்பாருன்னுதான் தெரியாது."

மூடநம்பிக்கை ஒழிப்பு என்ற தலைப்பில் பதினோரு முறை பேசியவர் கலியமூர்த்தி. சிரித்துவிட்டு மேடை ஏறினார்.

எதிரே போட்டியாளர் தெரசா, கரையான்சாவடியில் கணக்கு டீச்சர். நிகழ்ச்சியை நடத்தும் பெண் 'நிகள்ச்சி' என்றுதான் சொன்னாள், தமிழையும் 'தமில்' என்றாள். கலியமூர்த்தி இரண்டு முறை கண்ணை மூடிக்கொண்டார். ஆட்டத்தின் விதி சுலபம். மேடையில் இரண்டு பெட்டிகள், ஒன்றில் உயிரெழுத்து வில்லைகள், மற்றதில் மெய்யெழுத்து வில்லைகள். கேட்கக் கேட்க, பெட்டியின் ஓட்டைக்குள் கைவிட்டு அந்தப் பெண் எடுத்துத் தருவாள். ஒன்பது வில்லை சேர்ந்ததும், யார் கேட்டு வாங்கியதானாலும் அதே வில்லைகளை வைத்து இருவரும் உயிரையும் மெய்யையும் கூட்டி, அரை நிமிடத்தில் ஆகப் பெரிய சொல்லைச் சொல்ல வேண்டும். இடையிடையே எண் சுற்று.

தெரசா, "உயிரெழுத்து ஒண்ணு குடுங்கம்மா" என்று காய்கறிக் கடையில் கேட்பதுபோல் கேட்டு வாங்கினாள். பிறகு கலியமூர்த்தியின் முறை வந்தது. துண்டைச் சரிசெய்து, கேமராவைப் பார்த்து, கணீரென்று சொன்னார்:

"எனக்கு ஓர் உயிர் தருக."

ஷெட்டில் யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். விளக்குக்காரர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்தப் பெண் எடுத்து வைத்த வில்லையில் மூன்று புள்ளிகள் இருந்தன.

ஃ.

டைரக்டர் பிரகாசம் படப்பிடிப்பை நிறுத்தினார். ஆய்த எழுத்தை யார் உள்ளே போட்டது என்று கத்தினார். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அப்படி ஒரு வில்லை செய்யவே இல்லை என்று ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். இந்த இடைவெளியைப் பயன்படுத்தி, ஆய்தம் உயிரிலும் சேராது, மெய்யிலும் சேராது, இரண்டும் இல்லாமல் தனியே நிற்பது என்று கலியமூர்த்தி ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினார்.

சொல்லி முடித்தபோதுதான், தாம் சொன்னது என்ன என்று அவர் காதிலேயே விழுந்தது.

திரும்பிப் பார்த்தால் வில்லையைக் காணோம். அது இருந்த இடத்தில் மூன்று ஆயில் பொட்டுகள் மட்டும் இருந்தன. விரல் நுனியால் ஒற்றி எடுத்ததுபோல்.

அந்தச் சுற்றைத் தள்ளிவிட்டு எண் சுற்றுக்குப் போனார்கள். எண்களைத் தமிழுக்கு எதிரிகளாகவே நினைத்து வளர்ந்தவர் கலியமூர்த்தி. அவை அன்று பழி தீர்த்துக்கொண்டன. தெரசா மனதுக்குள்ளேயே பெருக்கி, கழித்து, விடையைச் சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். ரேஷன் கடைச் சுவரில் மணவாளன் எழுதப்போகும் அடுத்த அறிவிப்பு கலியமூர்த்தியின் கண்முன் ஓடியது. அடுத்த எழுத்துச் சுற்றில், பயத்தைவிட மானம் பெரியதாகிவிட்டது.

"ஓர் உயிர் தருக."

பெட்டிக்குள் போன கை வெளியே வரவில்லை.

அந்தப் பெண்ணின் உதட்டுச் சாயத்துக்குக் கீழே உதடு வெளுத்தது. "யாரோ புடிச்சிக்கினு கீறாங்க," என்றாள். 'நிகள்ச்சி'க் குரல் போய், சொந்தக் குரல் வந்திருந்தது. பிறகு கை வெடுக்கென்று விடுபட்டது. அதில் இருந்தது கலியமூர்த்திக்குத் தேவையான அதே எழுத்து. அவள் மணிக்கட்டில் மூன்று கறுப்புப் பொட்டுகள்.

அந்தச் சுற்றைக் கலியமூர்த்தி வென்றார். ஆனால் யோசிக்கும் அரை நிமிடமும் ஒரு சத்தம் அவரைத் தொந்தரவு செய்தது. டக். டக். டக். கடிகாரச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்று டைரக்டரிடம் கேட்டார்.

பிரகாசம் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடிகாரச் சத்தத்தை எடிட்டிங்கில்தான் சேர்ப்பார்களாம். இப்போது எந்தச் சத்தமும் இல்லை என்றார்.

டக்.

கடைசிச் சுற்றில் தெரசா சற்று முன்னால் இருந்தாள். ஒன்பது எழுத்தையும் பயன்படுத்திச் சொல் சொன்னால் மட்டுமே கலியமூர்த்திக்கு வெற்றி. எழுத்துக் கேட்கும் முறை அவருடையது. இம்முறை முதல் எட்டு வில்லைகளையும் 'எழுத்து' என்று முழுதாகச் சொல்லியே வாங்கினார். குன்று கொஞ்சம் இறங்கியிருந்தது. த், அ, ல், ஐ, ம், அ, க், ன். எட்டும் வரிசையாக வந்து நின்றதும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இன்னும் ஒரே ஓர் 'அ' வந்தால் போதும், ஒன்பது எழுத்தும் கூடிவிடும்.

தலைமகன்.

தலைவனுக்குத் தலைமகன் என்றே சொல் அமைகிறது. தமிழன்னை கைவிடமாட்டாள் என்று நினைத்தார். வாய் திறந்தார். உயிரெழுத்து என்று முழுதாகக் கேட்டால் பன்னிரண்டில் எதுவும் வரலாம். மொட்டையாகக் கேட்டால் 'அ'தான் வரும். அது அவருக்கு இப்போது தெரியும்.

டக். டக்.

பெட்டியின் ஓட்டை அவர் பக்கம் பார்த்தபடி இருந்தது. அந்தப் பெண் இன்னும் கையை உள்ளே விடவில்லை. ஆனாலும் ஓட்டையின் விளிம்பில் வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. வில்லை. அதில் 'அ'. அதைக் கட்டைவிரலும் சுண்டுவிரலும் பிடித்திருந்தன.

நடுவில் விரல் இல்லை.

மற்றவர்கள் யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. தெரசா மேசைமேல் இருந்த எட்டு வில்லைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயில் வாசனை முகத்தில் அறைந்தது. காதருகே, மிகவும் மரியாதையாக, வேலை கேட்டு வந்தவன் பேசுவதுபோல் ஒரு குரல் கேட்டது.

"யாரோட உயிரு சார்?"

கலியமூர்த்தி மேசைமேல் இருந்த எழுத்துகளைப் பார்த்தார். தலைமகன் என்றால் தலைவன். தலைமகன் என்றால் மூத்த பிள்ளை. இரண்டு பொருளும் ஒரே சொல்லில் உண்டு என்று இருபது வருடமாக மேடையில் சொல்லிவந்தவர் அவர். இரண்டு தெரு தள்ளி இன்னொரு ஷெட்டில், இதே வாசனையில், இந்நேரம் நாகேந்திரன் பிரஸ்ஸுக்குள் தகட்டைத் தள்ளிக்கொண்டிருப்பான்.

டக். டக். டக். டக்.

"சார், கேளுங்க சார்," என்றாள் நிகழ்ச்சிப் பெண். "உயிரா, மெய்யா?"

ரேஷன் கடைச் சுவர், தலைவர் நாற்காலி, மணவாளனின் சிரிப்பு எல்லாம் ஒருமுறை வந்து போயின.

"மெய்," என்றார். மறுபடியும் சொன்னார். "மெய்யெழுத்து. மெய்யெழுத்தே குடும்மா."

சத்தம் நின்றது.

வந்தது ஒரு 'ட்'. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நேரம் முடிந்ததும் அவர் சொன்ன சொல் 'மகன்'. ஐந்து எழுத்து. தெரசா 'மதலை' என்றாள். ஆறு எழுத்து. மதலை என்றால் குழந்தை என்று அந்தப் பெண்ணுக்கு விளக்கமும் சொன்னாள். தோற்றவருக்கு ஆறுதல் பரிசாக ஒரு குக்கர் கொடுத்தார்கள்.

குக்கரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பட்டுத் துண்டு எங்கோ விழ, சொற்குன்று அம்பத்தூர் எஸ்டேட்டின் நடுரோட்டில் ஓடியது. டீக்கடையில் நின்றவர்கள் அவரைக் குக்கர் திருடன் என்று நினைத்திருக்க வேண்டும். ஒருவன் பாதித் தெரு வரை துரத்தியும் வந்தான்.

நாகேந்திரன் கம்பெனி வாசலில் கவிழ்த்துப் போட்ட டிரம்மின்மேல் உட்கார்ந்திருந்தான். கையில் டீ கிளாஸ் இருந்தது.

"நைனா, நீ எங்க இங்க?"

கலியமூர்த்தி அவன் வலது கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். பிறகு இடது கை. எல்லாம் இருந்தன.

"இப்பதான் தப்பிச்சேன் நைனா," என்றான் நாகேந்திரன். "பெடல்ல காலே வெக்கல. கை உள்ளாற கீது, பிரஸ் தானா எறங்குது. அப்பால பாதியில நின்னு பூடுச்சு. யாரோ தாங்கிப் புடிச்ச மாதிரி."

"கரண்ட் போய்விட்டதா?"

"போவல. ஃபேன் சுத்திக்கினுதான் இருந்துச்சு." ஷெட் பக்கம் திரும்பிப் பார்த்தான். "தகட்டு மேல மூணு பொட்டு, ஆயில்ல. என் கை பட்டது இல்ல அது." அப்புறம்தான் ஞாபகம் வந்ததுபோல், "போட்டி இன்னா ஆச்சு நைனா? ஜெயிச்சியா?" என்று கேட்டான்.

"இல்லடா," என்றார் கலியமூர்த்தி. அவன் கையை விடாமல் டிரம்மின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். நைனா என்ற சொல்லில் அன்று அவருக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

நிகழ்ச்சி ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்பே டிவி முன்னால் கூடியிருந்தது. ஒன்பது எழுத்தைக் கையில் கொடுத்தும், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை சொல்வதுபோல் 'மகன்' என்று சொன்ன தலைவரைப் பார்த்துச் சிரித்தார்கள். மணவாளன் தலைவரானார். யோசிக்கும் நேரத்தில் டிவியில் வந்த கடிகாரச் சத்தம் மற்றவர்களுக்குக் கடிகாரச் சத்தமாகவே கேட்டது.

குக்கரின் மூடியில் மூன்று கறுப்புப் பொட்டுகள் இருந்தன. அவர் மனைவி பஞ்சவர்ணம் புளி போட்டுத் தேய்த்தாள். போயிற்று. மறுநாள் காலையில் அதே இடத்தில் மறுபடியும் இருந்தன. சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மறுநாளும் இருந்தன. சில நேரம் அடுப்பே எரியாதபோது, கழுவிக் கவிழ்த்து வைத்த குக்கர் சமையலறை இருட்டில் மெல்ல விசில் அடிக்கும். ஒன்று. இரண்டு. மூன்று. அதற்குப் பிறகு ஆயில் வாசனை வரும். அன்று காதருகே கேட்ட கேள்விக்கு யாரோ இன்னும் பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். கலியமூர்த்தி எழுந்து போய், நாகேந்திரன் படுத்திருக்கும் பாயருகே விடியும்வரை உட்கார்ந்திருப்பார்.

மற்றபடி, அதில் சோறு நன்றாகவே வெந்தது.