சோப்பு படாத கால்

"வேணாம் வாப்பா! எரியுது!"

மூசா போட்ட சத்தத்தில் கடைக்கு வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மலேசியாவின் தஞ்சோங் காராங்கில் மளிகைக் கடை வைத்திருந்த மதார் சாகிபு, கடைக்குப் பின்னால் குழாயடியில் ஐந்து வயது மகனை இறுக்கிப் பிடித்திருந்தார். மறு கையில் துணி சோப்பு.

மூசாவுக்குப் பிறந்ததிலிருந்தே வறண்ட தோல். முழங்கால் மடிப்புகள் அரிக்கும், சொறிவான், சிவந்துவிடும். இந்த வாரமோ வலது காலில் நீர் வடிந்து, மஞ்சளாகப் பொருக்குக் கட்டியிருந்தது. உடம்பும் சுட்டது.

"அழுக்கு சேர்ந்துதான் இப்படி ஆகுது. நல்லாத் தேய்ச்சாப் போயிடும்" என்றார் வாப்பா. ஒரு வாரமாகத் தினமும் இப்படித்தான் தேய்த்து வந்தார்.

அக்கா ஹமீதா பக்கத்தில் நின்றிருந்தாள். பதினோரு வயதில் அவள் வாப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் தம்பியின் இடது காலைக் காலையில் உம்மா கட்டு மாற்றியபோது பார்த்திருந்தாள். போன வாரம் அவன் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டபோது, உம்மா மடிப்பு வரை தேங்காய் எண்ணெய் தடவித் துணி சுற்றியிருந்தார். அதனால் அந்தக் காலில் சோப்பே படவில்லை.

சட்டென்று சோப்பைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"ஏய்! கொடு இங்க!"

"மாட்டேன் வாப்பா. அடிச்சாலும் பரவாயில்ல. முதல்ல இதைப் பாருங்க!"

தம்பியின் இடது காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். இடது கால் மடிப்பு வழவழவென்றிருந்தது.

"தேய்ச்ச கால்தான் புண்ணாயிருக்கு. தேய்க்காத கால் ஆறிடுச்சு."

வாப்பா இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார்.

"ரெண்டு பேரும் ஏறுங்கலா. கிளினிக் போவோம்."

கிளினிக்கில் தாதி இராஜம்மா காலைப் பார்த்ததும், "என்ன போட்டுத் தேய்ச்சீங்க?" என்று கேட்டார். வாப்பா தலையைக் குனிந்துகொண்டு, "துணி சோப்பு" என்றார்.

"நம்ம தோல் செங்கல் சுவர் மாதிரி. நடுவுல சிமெண்டு மாதிரி ஒரு கொழுப்பு இருக்கு. இவனுக்கு அது குறைச்சல். இருக்கிறதையும் சோப்பு கரைச்சிடுச்சு. அந்தச் சந்துல கிருமி புகுந்து குடியிருக்கு. இன்னும் விட்டிருந்தா ஆபத்தாயிருக்கும்" என்றார் தாதி.

டாக்டர் கிருமிக்கு மருந்தும், குளித்ததும் தடவக் களிம்பும் கொடுத்தார்.

இரண்டு நாள் காய்ச்சல் விடவில்லை. ஹமீதா தம்பியின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் நெற்றி குளிர்ந்திருந்தது.

அன்று குளிப்பாட்டிய கையோடு வாப்பாவே களிம்பைப் பூசினார். கொஞ்சம் அதிகமாகவே பூசிவிட்டார். மூசா மீன்போல நழுவி, உடம்பில் துணியில்லாமல் கடைப் பக்கம் ஓடினான்.

"ஹமீதா, பிடி! வழுக்குறான்!"

அவள் பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே வழிவிட்டாள்.