என் பக்கத்து வக்கீல்

"யாரைக் கேட்டு ஒத்துக்கிட்டீங்க?"

யுன்ஷின் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வகுப்பே திரும்பிப் பார்த்தது.

அவள் சட்டம் படிப்பவளே அல்ல, பொறியியல் மாணவி. தைபேயின் மே மாத மழையில் நனைந்துகொண்டு, காய்ச்சலில் கிடந்த அறைத்தோழி ஜூயூவுக்குப் பதிலாக வந்தவள். சட்டக் கல்லூரியில் இது ஒரு பேரப் பயிற்சி. மேஜைக்கு அந்தப் பக்கம் முதலீட்டாளராக நடிப்பவரும் அவருடைய வக்கீலும். இந்தப் பக்கம் புதுக் கம்பெனிக்காரியாக யுன்ஷின், அவளுடைய வக்கீலாகச் செங்யுவான். பேரம் பொய், மார்க் மட்டும் நிஜம்.

"என்ன கம்பெனின்னு நீங்களே சொல்லலாம்" என்று தொடங்குமுன் அவன் சொன்னபோது, அவள் தன் நிஜக் கனவையே சொல்லிவிட்டாள்... வீட்டிலேயே சோயாப் பாலில் டோஃபுக் கட்டி செய்யும் சின்ன மெஷின். அவன் கண் இமைக்காமல் கேட்டான். மழை கழுவிய இலை போன்ற கண்கள்... இரண்டு முறை அவளுக்கு வார்த்தை தடுமாறியது.

அந்தக் கண்களை நம்பியதற்கா இது! முதலீட்டாளர் நினைத்தபோது அவளைக் கம்பெனியை விட்டே நீக்கலாம் என்ற நிபந்தனைக்கு, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் தலையாட்டிவிட்டான்.

"இது வெறும் பயிற்சிங்க..."

"பயிற்சியிலயே பக்கத்துல இருக்கிறவளை வித்துட்டீங்க!"

"பேரம் முடியலன்னா மார்க் கிடையாதுங்க."

"ஓஹோ... உங்க மார்க்குக்கு என் கம்பெனி பலியா?"

பேராசிரியர் ஃபான், "சரியான நேரத்தில் முடித்தீர்கள், செங்யுவான்" என்று பாராட்ட, நாலு பேர் கைதட்டினார்கள். யுன்ஷினுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வெளியேறினாள்.

செங்யுவான் வராந்தாவில் ஓடிவந்து மறித்தான். "இவ்வளவு கோபம் எதுக்குங்க?"

"எங்க அப்பா சாங்ஹுவாவுல பட்டறை வச்சிருந்தார். கூட்டாளி அவரை வெளியே தள்ளினப்போ, அப்பாவோட வக்கீல் பக்கத்துலயே உக்காந்து இதே மாதிரிதான் தலையாட்டினார்."

அவன் முகம் வெளுத்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. "எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்!"

அடுத்த வாரம் ஜூயூ தேறிவிட்டாள். "அது இப்ப உன் கம்பெனிடி, நீயே போ" என்று தள்ளிவிட்டாள். அன்று அதே முதலீட்டாளர் கம்பெனியை வேறொருவருக்கு விற்கும் சுற்று. அந்த நிபந்தனையைக் காட்டித் தன்னைத் துரத்துவதையும் பார்த்துவிடலாம் என்ற ஆத்திரத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

செங்யுவான் எழுந்தான். "ஐயா, போன வாரம் என் கட்சிக்காரரைக் கேக்காமலே ஒத்துக்கிட்டேன். அந்த ஒப்புதல் செல்லாது. அந்தப் பேரத்தை முறிச்சிக்கிறேன்."

"உங்கள் மார்க் போகும்" என்றார் பேராசிரியர்.

"போகட்டும் ஐயா."

"டேய், என் மார்க்கும் போகும்டா!" என்று எதிர் வக்கீல் அலறினான்.

யுன்ஷினுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது... அடுத்த நொடி மறுபடி பற்றிக்கொண்டது.

"இப்பவும் என்னைக் கேக்காமத்தானே முறிக்கிறீங்க?"

அவன் மெல்ல உட்கார்ந்தான். "சொல்லுங்க... என்ன வேணும்?"

"என்னை நீக்கினா மெஷின் என்னோட வந்துடணும். அதுக்குச் சம்மதம்னா பேரம்."

அன்று வகுப்பு முடியும்வரை, ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் பக்கம் குனிந்து கேட்டுக்கேட்டுத்தான் பேசினான். எதிர்த்தரப்பு முனகிக்கொண்டே இறங்கி வந்தது. பேராசிரியர் பாராட்டவில்லை, போன வாரத்து மார்க்கை அடித்துவிட்டார்.

வாசலில் மழை. இருவரும் கூரைக்கடியில் ஒதுங்கினார்கள்.

"தப்பு என்னோடதுதாங்க..." என்றான் தரையைப் பார்த்து. "உங்க அப்பா விஷயம் கேட்டதுலேர்ந்து தூக்கமே இல்ல. அதோட... இன்னொண்ணும் கேக்கணும்."

"கேளுங்க."

"உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு...?"

அவள் முறைத்தாள். கன்னம் மட்டும் அவள் பேச்சைக் கேட்காமல் சிவந்தது.

"பிடிக்காதவன்மேல ஒரு வாரம் முழுக்கக் கோபப்பட்டுட்டு இருக்க எனக்கென்ன பைத்தியமா, மடையா!"