பின்படிக் கிண்ணம்

“தடுப்பூசி போட்டாச்சுன்னா நம்ம பூனை மஃபினுக்கு நோயே வராதா, அத்தை?” என்று அண்ணன் மகள் ஒருமுறை கேட்டாள். “வரவே வராது” என்று சொல்லிவிட்டாள் ரொவீனா.

அந்தப் பதிலை நம்பித்தான் இன்று வாசலில் நின்று சண்டை போட்டாள். ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் காலையிலிருந்தே மழை. எதிரே பக்கத்து வீட்டு லாக்லன், பஸ் ஓட்டும் சீருடையில் சொட்டச் சொட்ட... மழை நிறத்தில் கண்கள்... ஐயோ, இந்த நேரத்திலா அதைக் கவனிப்பது!

“எங்க கிழட்டுப் பூனை டியூக்குக்கு லுக்கீமியாவாம், பூனைங்களுக்கு வர்ற கிருமி நோய். ரெண்டு பூனையும் உங்க பின்வாசப் படியில வெக்கற கிண்ணத்துலதானே சாப்பிடுது... எச்சில்ல பரவுமாம். மஃபினையும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.”

“மஃபினுக்கு வருஷம் தவறாம ஊசி போடறேன். உங்க பூனைய வீட்டோட வெச்சிருந்தா இந்த வம்பே இல்ல!”

“சரிங்க” என்று நனைந்தபடியே போனான்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்ததில், மஃபினுக்கும் அந்த நோய் இருந்தது.

“ஊசி போட்டேனே, டாக்டர்?”

“முதல் ஊசிக்கு முன்னாடி ரத்தம் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. கொட்டகைக்கு அடியில், செத்த தாயின் பக்கத்தில் கிடைத்த குட்டி அது.

“தாய்கிட்டேருந்தே வந்திருக்கும். உள்ள புகுந்துட்ட கிருமிய ஊசி ஒண்ணும் செய்யாதும்மா. டியூக்குக்கு போன வருஷம் ரத்தத்துல ஒண்ணுமில்ல, ஊசியும் போட்டோம். ஊசி பெரும்பாலும் காக்கும்... எப்பவும் காக்காது. கிண்ணத்துல வாங்கியிருக்கும்னு லாக்லன்கிட்டயும் சொன்னேன்.”

அன்று மாலை அவன் கதவைத் தட்டினாள்.

“என் பூனைகிட்டேருந்துதான் வந்துச்சுன்னு தெரிஞ்சும் ஏன் வாயே திறக்கல?”

“டியூக் பசியோட வந்தப்போ நீங்க ஆசையா வெச்ச சாப்பாடு... அதுமேல எப்படிப் பழி போடறது?”

அவள் கண்கள் நிறைந்தன. “மன்னிச்சிடுங்க...”

“இனி ரெண்டையும் வெளிய விடக் கூடாது. ஆனா ரெண்டுக்கும் அதே நோய்ங்கறதால... ஒரே வீட்டுல இருக்கலாமாம்.”

“யார் வீட்டுல?”

“அதைத்தான் ஒரு வருஷமா எப்படிக் கேக்கறதுன்னு...”

“நோய் இருக்குன்னு தெரிஞ்சதே இந்த வாரம்தான்!”

“நான் பூனையப் பத்திப் பேசலையே...”

ரொவீனா தரையைப் பார்த்தாள். “முன்னாடி வர்ற பஸ்ஸ விட்டுட்டு... தினம் உங்க பஸ்ஸுக்குத்தான் நிக்கறேன். இது கூடத் தெரியலையா?”

எதற்கும் இருக்கட்டும் என்று தன் வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்தான்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனபின் அவன் வீட்டுக் கதவைத் திறந்தாள். ஈறு புண்ணான டியூக் தட்டைத் தொட்டிருக்கவில்லை. மீனை வேகவைத்து, முள் எடுத்து மசித்து, விரல் நுனியில் வைத்து நீட்டினாள். கர்த்தரே, ஒரு வாயாவது... டியூக் நக்கியது. தட்டு காலியாகும்வரை ஊட்டினாள். பிறகு அதைக் கழுவி, வந்த சுவடே தெரியாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள்.