சாய்ந்து உறைந்த குச்சிகள்

பார்சுவநாதன் வீட்டுக் கதவைத் தனம் படபடவென்று தட்டினாள். நகராட்சியில் முப்பது வருஷம் சுகாதார ஆய்வாளராக இருந்தவர் அவர். கெட்ட சரக்கை விற்றவர்களைப் பேச்சுக் கொடுத்தே பிடித்துவிடுவார் என்று ஊரில் பெயர்.

“சார், என்னை விஷம் வச்சவளாக்கிட்டாங்க” என்று தொடங்கியவள் அழுதுகொண்டே சொல்லி முடித்தாள். செங்கம் ரோட்டில் ஜாஹிரா வீட்டில் அவள் சமையல் செய்கிறாள். ஜாஹிரா மூன்று நாள் வேலூர் போயிருந்தாள்; தனத்துக்கும் லீவு. நேற்றுச் சாயங்காலம் வேலைக்கு வந்து, ஃப்ரிட்ஜில் இருந்த பக்ரீத் குர்பானிக் கறியில் கொஞ்சம் எடுத்து, மாடியில் குடியிருக்கும் சின்னசாமி வாத்தியாருக்குத் தனம் குழம்பு வைத்தாள். வாத்தியாருக்கு விடிய விடிய வாந்தி.

“நான்தான் கறியை வெளில போட்டுக் கெடுத்துட்டேன்னு அக்கா வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. மீதிக் கறியில இன்னைக்கு நிச்சயதார்த்த பிரியாணி சார். முப்பது பேர்!”

பார்சுவநாதன் சட்டையை மாட்டுவதற்குள் அவர் மனைவி ஜெயந்திமாலா செருப்போடு வாசலில் நின்றாள். “பூச்சி மருந்தா இருக்குமோங்க?”

“முதல்ல போய்ப் பார்ப்போம்.”

அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஜாஹிரா ஹாலில் டிவி பக்கத்தில் இருந்த ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினாள். “மோந்து பாருங்க சார். ஒரு வாடையும் இல்ல.”

“எனக்குக் கறி வாசனையே பழக்கமில்லம்மா” என்றார் பார்சுவநாதன். அவர் பார்வை கறிப் பொட்டலத்தின் பக்கத்தில் இருந்த ஆறு டம்ளர்களில் நின்றது. எலுமிச்சை ஐஸ். ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி, டம்ளர் விளிம்பில் சாய்ந்தபடியே உறைந்திருந்தது.

“இது யார் வச்சது?”

“நான்தான் சார். குச்சியெல்லாம் நேரா நின்னு கெட்டியாயிடுச்சான்னு பார்த்துட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினேன்.”

அவர் தனத்திடம் திரும்பினார். “நேத்து எடுத்தப்போ கறி எப்படி இருந்துச்சு?”

“கல்லு மாதிரி சார். குழவியால தட்டித்தான் பிரிச்சேன்.”

ஜாஹிராவின் தம்பி சாந்த் பாஷா குறுக்கிட்டான். “ஞாயித்துக்கிழமை கரண்ட் போயிருக்கும் சார்.”

“ஞாயித்துக்கிழமை நீங்க வீட்லயா இருந்தீங்க?”

“ஆமா சார். வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, பசங்களோட காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நாலு படம்.”

“நாலும் முழுசாவா?” என்று ஜெயந்திமாலா பாய்ந்தாள்.

“ஒரு தடவைகூட நிக்கல!”

பார்சுவநாதன் மனைவியை மெச்சும் பார்வை பார்த்தார். “அப்போ கரண்ட் போகல. ஆனா ஐஸ் உருகியிருக்கு. உருகினாத்தான் குச்சி சாயும். தனம் எடுத்தப்போ கறி கல்லு மாதிரி இருந்ததுனா, அவ வர்றதுக்கு முன்னாடியே உருகி, மறுபடி உறைஞ்சாச்சு. இந்த ஹால்ல பிளக் ரெண்டுதான். ஒண்ணு டிவிக்கு, ஒண்ணு ஃப்ரிட்ஜுக்கு. டெக்கை எதுல மாட்டினீங்க தம்பி?”

சாந்த் பாஷாவின் தலை தொங்கியது. “ஃப்ரிட்ஜைப் பிடுங்கிட்டேன் சார். படம் முடிஞ்சதும் திரும்ப மாட்டிட்டேன். ஐஸ் புடிச்சிடுச்சே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்.”

“ஐஸ் புடிச்சா வாடைதான் அமுங்கும். கெட்டது நல்லதாயிடாது. வேக வச்சாலும் சில விஷம் போகாது.”

“யா அல்லா, முப்பது பேர்!” ஜாஹிரா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து தனத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “நீ போய் இவரைக் கூட்டிட்டு வரலைன்னா என்ன ஆயிருக்கும் தனம்! என்னை மன்னிச்சிடு.”

கறியைக் குழிதோண்டிப் புதைத்தார்கள். அன்று விருந்துக்குக் காய்கறி பிரியாணி. சமைத்தவள் தனம்.

வாசலில் அவள் பார்சுவநாதனின் காலைத் தொடப் போனாள். அவர் விலகிக்கொண்டார். “எனக்கு எதுக்கும்மா? மாடியில இருக்கிறவருக்குச் சொல்லு. அவர் ஒருத்தர் அவஸ்தைப்பட்டதாலதான் முப்பது பேர் தப்பிச்சாங்க.”

தனம் கஞ்சி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். சின்னசாமி வாத்தியார் டம்ளரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். தன் கையிலிருந்து இனி வாங்கமாட்டாரோ என்று அவள் டம்ளரை நீட்டியபடியே நின்றாள். அவர் வாங்கி, நிறுத்தாமல் குடித்து முடித்தார்.

“உப்பு கொஞ்சம் கம்மி தனம். இன்னொரு டம்ளர் குடு.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் படியிறங்கி ஓடினாள்.