கரடி பார்க்கப் போன ஐந்து நாள்

“பையைத் திறங்க மேடம்.”

வேனிலிருந்து இறங்கிய கால் இன்னும் தரையில் சரியாக ஊன்றக்கூட இல்லை. சாரல் முகத்தில் அடித்தது. அவள் எரிச்சலோடு நிமிர்ந்தாள். பச்சை மழைச்சட்டை, மார்பில் ‘வழிகாட்டி’ என்ற அட்டை, மூன்று நாள் தாடி, அதற்கு மேலே... எதற்கும் அவசரப்படாத இரண்டு கண்கள்.

“எதுக்கு? நான் என்ன கடத்திட்டா வந்திருக்கேன்?”

“திங்கற பொருள், வாசனை வர்ற பொருள் எல்லாம் இந்த இரும்புப் பெட்டிக்குள்ள போகணும். கரடிக்கு மூக்குதான் கண்ணு.”

பிஸ்கட் போனது. ஷாம்பூ போனது. பற்பசையும் போனபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

“பல்லு தேய்க்கறதுகூடத் தப்பா சார்?”

“இங்கயே நின்னு தேய்ச்சிட்டுப் போங்க. நான் வேணா குடை பிடிக்கறேன்.”

அண்ணனோடு பின்னால் இறங்கிய அண்ணி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது... உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். திமிர் பிடிச்சவன்!

ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் நாள் முழுக்க மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் அவள். இந்த விடுமுறை அண்ணன் தந்த பரிசு. அப்பா போனபோது அவளுக்குப் பதினொரு வயது. அண்ணன் தன் படிப்பை நிறுத்திவிட்டு அவளைப் படிக்கவைத்தான். இன்றுவரை அவன் சொல்லுக்கு அவள் மறுசொல் சொன்னதில்லை.

ஆற்றின் வளைவில், ஒளிந்திருந்து கரடி பார்க்க மரத்தால் கட்டிய மறைவறை. முழங்கை அகலத்துக்கு ஜன்னல்கள். முதல் நாள் இரண்டு மணி நேரம் வெறும் மழையைத்தான் பார்த்தார்கள். திடீரென்று வழிகாட்டியின் மூச்சு அவள் காதருகே கேட்டது.

“அசையாதீங்க... அதோ, வலது பக்கம்.”

நாணலை விலக்கிக்கொண்டு பெண்கரடி வந்தது. மூக்கின் மேல் வெள்ளைத் திட்டு. பின்னால் உருண்டு உருண்டு இரண்டு குட்டிகள். ஒரு குட்டி மீனைப் பிடிக்கப் பாய்ந்து தண்ணீருக்குள் விழுந்தது. அவள் தன்னை மறந்து அவன் கையைப் பற்றிவிட்டாள்.

“வெள்ளைமூக்கி. ஆறு வருஷமாப் பாக்கறேன். இவ்வளவு நல்ல அம்மாவ நான் மனுஷங்கள்லயும் பாத்ததில்ல.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவன் கவனிக்காதவன்போல் ஜன்னலையே பார்த்தான். ஆனால் காது மட்டும் சிவந்திருந்தது...

இரண்டாம் நாள், திரும்பும் வழியில் பேச்சு தானாக வந்தது.

“பயமா இல்லையா உங்களுக்கு?”

“கரடிகிட்டயா? அது நம்மளக் கண்டா ஒதுங்கிடும். மனுஷன் கையால ஒருதடவ ருசி கண்டுட்டாத்தான் ஆபத்து. அப்பறம் வீட்டு வாசலுக்கே வரும். வந்தா சுட்டுடுவாங்க.”

“அப்ப... நான் மாத்திரை கொடுக்கற ஆஸ்பத்திரிப் பக்கம் நீங்க வரமாட்டீங்களா? மனுஷ வாசனை ஆகாதா?”

“கூப்பிட்டா வருவேன்,” என்றான், அவளைப் பார்க்காமலே.

மழைக்கு நடுவில் அவளுக்கு மட்டும் வெயில் அடித்ததுபோல இருந்தது.

மூன்றாம் நாள் அது நடந்தது. வழுக்குப் பாதையில் ஏற முடியாமல் நின்ற பெரியவர் ஒருவருக்குக் கைகொடுக்க வழிகாட்டி வெளியே போனான். அலுவலகப் புகைப்படப் போட்டிக்காக அண்ணன் புதுக் கேமராவோடு வந்திருந்தான். படமெல்லாம் தூரத்தில் புள்ளியாகவே விழுந்ததில் அவனுக்கு ஆத்திரம். சட்டைக்குள்ளிருந்து ஜாம் தடவிய ரொட்டியை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக இறங்கினான். ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த பாறையில் வைத்தான்.

“அண்ணா... வேணாம்.”

“ஒரே ஒரு போட்டோடா குட்டி. வாயத் தொறக்காத.”

வழிகாட்டி திரும்பி வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றான்.

“என்னாச்சு? முகமே சரியில்லையே?”

சொல்லிவிடலாம். அவன் எட்டி எடுத்துவிடுவான். ஆனால் அண்ணன் தலைகுனிவானே... எல்லார் முன்னாலும்.

“குளிருது,” என்றாள்.

அவன் தன் மழைச்சட்டையைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினான்.

அரை மணியில் வெள்ளைமூக்கி வந்தது. முதலில் தயங்கியது. பிறகு பாறையை நக்கியது. அண்ணனின் கேமரா ஓயாமல் சொடுக்கியது. மறுநாளும் ரொட்டி வைத்தான். மறுநாளும் அவள் பேசவில்லை.

ஐந்தாம் நாள் காலை விடுதியின் சமையலறை ஜன்னல் நொறுங்கியது. உள்ளே பாய்ந்த வெள்ளைமூக்கியைக் கண்டு சமையல்காரம்மா அலறினாள். அவள் தோளில் நகம் ஆழமாகக் கிழித்திருந்தது.

விடுதி மேலாளர் எல்லாரையும் அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். பாறையில் ஜாம் கறை இருந்ததை ஒருவர் பார்த்திருந்தார்.

“யார் வச்சது?”

“உங்க ஆளுதான்,” என்றான் அண்ணன், கண் இமைக்காமல். “கிட்டக்க காட்டறேன்னு அவர்தான் வச்சார்.”

வழிகாட்டி அண்ணனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். ஓடுகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று...

“உன் அட்டையக் குடுத்துட்டுக் கிளம்பு,” என்றார் மேலாளர்.

மதியம் ஆற்றுப் பக்கம் ஒரு வேட்டுச் சத்தம் கேட்டது. ஒன்றே ஒன்று. அதன்பின் குட்டிகள் கத்தத் தொடங்கின... குழந்தை அழுவதுபோலவே.

பெட்டி கட்டிக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. எழுந்தாள். அண்ணன் “எங்க போற?” என்று பின்னாலேயே வந்தான். மேலாளர் முன் போய் நின்று, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

“இதுக்குத்தான் உன்னப் படிக்க வச்சனா?” அண்ணனின் குரல் உடைந்தது.

“அதுக்காகத்தான் ரெண்டு நாளா வாயடைச்சு நின்னேன்ணா. போதும்.”

சாமான் கொட்டகையில் வழிகாட்டி தொலைநோக்கிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

“சொல்லிட்டேன். உங்க வேலை போகாது.”

“அப்படியா.”

“அண்ணன்தான்னு உங்களுக்குத் தெரியுமா?”

“காலைல அவர் சட்டைக் கையில ஜாம் இருந்துச்சு.”

“அப்ப ஏன் நீங்க சொல்லல?”

“நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்.” துணியை மடித்து வைத்தான். “காலைல சொல்லியிருந்தாலும் அதச் சுட்டுத்தான் இருப்பாங்க. அன்னிக்குக் குளிருதுன்னீங்களே... அப்ப சொல்லியிருக்கணும்.”

அவள் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. மழைச்சட்டையை மேஜைமேல் வைத்தாள்.

“உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. இதச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா சொல்லாம விட்டுட்டுத் தவிக்கறது என்னன்னு இப்பத்தான் தெரிஞ்சுது.”

அவன் மழைச்சட்டையை எடுத்து ஆணியில் மாட்டினான்.

“எனக்கும் பிடிச்சிருக்குங்க. பற்பசைக்குச் சண்டை போட்டீங்களே, அப்பலேர்ந்தே. ஆனா இப்ப உங்க முகத்தப் பாத்தா அந்தக் குட்டிங்க கத்தறதுதான் காதுல கேக்குது. நான் என்னங்க செய்ய?”

வெளியே வேன் ஹாரன் அடித்தது. பழக்க தோஷம்... “போயிட்டு வரேன்,” என்றாள்.

எவருக்கும் சொல்வதுபோல அவனும் “வாங்க” என்று சொல்லியிருக்கலாம்.

“பாத்துப் போங்க,” என்றான்.